குளியலறை மேடை: உயர்த்துவோம், உறுதியாகத் தாங்குவோம்

லயங்களில் வாழ்ந்த காலத்தில் எமது குளியல் பெரும்பாலும் பீலியடியில்தான். தண்ணீர் மேலிருந்து வந்தது, தன்பாட்டில் பள்ளத்துக்குப் போனது. அது எங்கே போகிறது என்று கேட்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. இன்று மண்சரிவினால் இடம்பெயர்ந்து புதிய காணியில் குடியேறும் குடும்பங்களுக்கு வீட்டோடு ஒரு குளியலறையும் அமைகிறது. பெண்பிள்ளைகளுக்கு மறைவையும் முதியோருக்கு வசதியையும் தரும் அறை அது. ஆனால் அதன் தரை சரியாகத் தாங்கப்படாவிட்டால், அதுவே வீட்டின் அத்திவாரத்துக்குப் பகையாகிவிடும்.

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியை அண்டிய கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணில் புதையுண்டதை நாம் மறக்கமாட்டோம். தப்பியவர்களுக்காக மாகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி பதுளை உட்பட மலையக மாவட்டங்களில் மேலும் பல குடும்பங்களை வீடிழக்கச் செய்தது.

மழை எமது கையில் இல்லை. வீட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் எமது கையில் உள்ளது. ஆளுக்கு இரண்டு வாளி, ஒரு வாளி 15 லீற்றர் என்று கொண்டாலும், ஐந்து பேர் வாழும் வீட்டில் குளிக்கும் தண்ணீர் மட்டும் நாளொன்றுக்கு 150 லீற்றர். சரிவை வெட்டி நிரப்பிய காணியில் இது நாள்தோறும் தரைக்கடியில் கசிந்தால், நிரப்பிய மண் இளகி இறங்கும். சுவரும் வெடிக்கும்.

எவ்வளவு உயர்த்துவது?

கடையில் வாங்கும் சவர் தட்டானாலும், மேசன் கட்டித்தரும் கொங்கிரீட் மேடையானாலும், அதன் அடியில் இரண்டு விடயங்களுக்கு இடம் வேண்டும். ஒன்று, தண்ணீர் தேங்கி நின்று துர்நாற்றத்தையும் பூச்சிகளையும் தடுக்கும் வளைகுழாய். மற்றது, வெளியே செல்லும் குழாயின் சாய்வு. போட்டு முடித்த தரையை உடைத்துக் குழாயைப் புதைப்பதைவிட, மேடையை உயர்த்திக் குழாயைத் தரைக்கு மேலேயே சுவர் வழியாக வெளியேற்றுவது எளிது. கசிவு ஏற்பட்டாலும் கண்ணில் படும்.

குழாய்க்கு ஒரு மீற்றருக்கு இரண்டரை சென்ரிமீற்றர் சாய்வு கொடுக்கலாம். வளைகுழாயின் ஆழம் 12 சென்ரிமீற்றர், வெளிச்சுவர் வரை தூரம் 2 மீற்றர் என்றால், சாய்வுக்கு 5 சேர்த்து மேடையின் அடிப்புறம் தரையிலிருந்து 17 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். இது ஏறக்குறைய 7 அங்குலம். முதியோருக்கு இந்த உயரம் கடினமென்றால் ஒரு படியும் கைபிடியும் வையுங்கள். தண்ணீர் போகும் துவாரத்தை வெளிச்சுவருக்குக் கிட்டவாக அமைத்தால் உயரம் குறையும்.

அடியைத் தாங்குவது எப்படி?

நிரப்பிய மண்ணை அரை அடிப் படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் சிறிது நனைத்துத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்த பின்னரே தரைக் கொங்கிரீட் போட வேண்டும்.

சவர் தட்டை நான்கு மூலைகளில் மட்டும் கல் வைத்துத் தூக்கி நிறுத்துவது கூடாது. ஆள் ஏறியதும் நடுப்பகுதி தாழும். ஒவ்வொரு குளியலின்போதும் தட்டு சிறிதளவு அசைய, சுவரோரப் பூச்சு பிளந்து, குழாய் மூட்டும் தளரும். எனவே செங்கல் அல்லது சீமெந்துக் கல்லை நெருக்கமாக அடுக்கி உயரத்தைக் கொண்டுவந்து, அதன் மேல் ஒரு பங்கு சீமெந்தும் ஐந்து பங்கு மணலும் சேர்ந்த கெட்டியான சாந்தைப் பரப்பி, தட்டின் அடிப்பாகம் முழுவதும் படியும்படி அழுத்தி வையுங்கள். தட்டோடு வரும் அறிவுறுத்தலில் வேறு முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பலகைத் துண்டுகளை ஆப்பாக வைக்க வேண்டாம். அவை உக்கும், கறையானும் அரிக்கும்.

தட்டின் விளிம்பு நாற்புறமும் ஒரே மட்டமாக இருப்பதை மட்டப்பலகையால் பாருங்கள். கொங்கிரீட் மேடையானால் துவாரத்தை நோக்கிச் சாய்வு கொடுத்து, ஓரத்தில் இரண்டு அங்குல வரம்பு கட்டி, ஏழு நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

மூடுமுன் சோதனை

சாந்து இறுகியபின் துவாரத்தை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் மட்டம் தெளிவாக இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள். பிறகு அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஓடவிட்டு, குழாய் மூட்டுகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனையக் கூடாது. வளைகுழாய்க்கு நேரே பக்கச் சுவரில் ஒரு கல்லைச் சாந்தில்லாமல் செருகிவிட்டால், பின்னர் அடைப்பு எடுக்க மேடையை உடைக்க வேண்டியிராது.

தண்ணீர் போகுமிடம்

குளியல் தண்ணீரை மலசலகூடக் குழிக்குள் விடவேண்டாம். குழி விரைவில் நிரம்பிவிடும். வீட்டின் பின்புற மண்மேட்டிலோ, முன்புறச் சரிவின் விளிம்பிலோ விடுவதும் ஆபத்து. சீமெந்து பூசிய கானில் சேர்த்து, அயலவரின் காணிக்குள் பாயாதபடி பாதுகாப்பான வடிகானுக்குக் கொண்டு செல்லுங்கள். மொனராகலைப் பக்கம் சமதரையில் காணி கிடைத்தவர்கள் வாழைக்கு அத்தண்ணீரைப் பாய்ச்சலாம். சரிவில் உள்ளவர்கள் உறிஞ்சுகுழி தோண்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவது அவசியம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென ஊறும் கலங்கிய நீர் ஆகியவற்றைக் கண்டால், உடனே அவ்விடத்தை விட்டு விலகி கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

ஏழு பேர்ச் காணியில் குளியலறை பிடிப்பது சிறிய இடமே. ஆயினும் மேடைக்கு அடியில் நடப்பதை, மூடிய பின்னர் எவராலும் பார்க்க முடியாது. மேசன் வேலை செய்யும்போது அருகில் நின்று, அளந்து பார்த்து, தண்ணீர்ச் சோதனை முடியும்வரை மூடவிடாதிருப்பது வீட்டுக்காரரின் உரிமை. ஒரு முறை வீட்டை இழந்த நாம், இரண்டாவது வீட்டை இந்தக் கவனத்தோடுதான் கட்ட வேண்டும்.