ஜன்னல், கதவு மாற்ற அனுமதி வேண்டுமா? சுவரை உடைக்கும் முன் இதைப் படிங்க!

மழைக்காலம் முடிந்தால் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். மரக்கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. ஜன்னல் சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது. 'மொத்தத்தையும் கழட்டிட்டு யூ.பி.வி.சி போட்டுடலாம்' என்று முடிவெடுத்து, கொட்டேஷனும் வாங்கியாச்சு. அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்: "இதுக்கு கார்ப்பரேஷன்ல பர்மிஷன் வாங்கிட்டீங்களா சார்?"

வாங்கணுமா?

அதே இடம், அதே அளவு. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறீர்கள் என்றால் அது பராமரிப்பு வேலை. கவலை வேண்டாம். 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அனுமதி தேவைப்படாத சிறு வேலைகள் என்று ஒரு பட்டியல் தருகிறது. பெயின்ட் அடிப்பது, தரை மாற்றுவது, பூச்சு வேலை ஆகியவற்றோடு ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் திறப்பதும் அடைப்பதும்கூட அதில் இருக்கின்றன. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. கட்டடத்தின் உறுதி, தீ பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பான விதிகளை அந்த வேலை மீறக்கூடாது. நிறைய பேர் பட்டியலைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கலே அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

அந்தத் தொகுப்பு மாநிலங்களுக்கான ஒரு மாதிரி. நம் ஊரில் நடைமுறையில் இருப்பது 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதனால் சுவரை இடிக்கும் வேலை என்றால், உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. 'அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார்' என்று மேஸ்திரி சொல்வது பதில் ஆகாது.

வாஸ்துவுக்காக வாசலை நகர்த்தினால்?

தெற்கே இருக்கும் வாசக்காலை கிழக்குப் பக்கம் மாற்றச் சொல்லி யாரோ சொல்லியிருப்பார்கள். அல்லது, மூன்று அடி ஜன்னலை ஆறு அடியாக்கி ஹால் 'பளிச்' என்று இருக்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கும். சுவரை வெட்டுவது, தாங்கும் பகுதியை எடுப்பது எல்லாம் விதித்தொகுப்பின் பார்வையில் கட்டட மாற்றம்.

தூண் எழுப்பிக் கட்டிய வீட்டில் எடையைப் பீமும் தூணும் சுமக்கும். பழைய வீடுகள் பலவற்றில் தூணே கிடையாது. சுவர்தான் மாடியைச் சுமக்கிறது. ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலம் சுவரில் உட்கார்ந்திருக்க வேண்டும். திறப்பை அகலப்படுத்தும்போது அந்த உட்காரும் இடமே போய்விடும். புதிய லிண்டல் போட வேண்டும். அதற்கு முன் மேலே முட்டுக்கொடுக்க வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். ஜன்னல் விற்கும் கடைக்காரர் அளவெடுக்கத்தான் வருவார்.

இன்னொரு தவறு சத்தமில்லாமல் நடக்கிறது. ஏ.சி போட்டாச்சு என்று ஒரு ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். சென்னை போன்ற ஈரப்பதமான வெப்பப் பகுதியில், கதவைச் சேர்க்காமல் ஜன்னல், வென்டிலேட்டர் பரப்பு மட்டும் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒன்று. 120 சதுர அடி அறைக்குச் சென்னையில் 20 சதுர அடி, அதாவது ஐந்துக்கு நான்கு அடியில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு பகுதி நிலையானது என்றால் திறக்கும் பகுதி மட்டுமே கணக்கு. பழைய இரட்டைக் கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும். அதே இடத்தில் ஸ்லைடிங் போட்டால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். கரன்ட் போன இரவில் வித்தியாசம் தெரியும்! பாத்ரூம் வென்டிலேட்டருக்கு 0.37 சதுர மீட்டர், சுமார் நான்கு சதுர அடி தேவை.

பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து

அனுமதியைவிட அதிகம் தலைவலி தருவது இதுதான். 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு ஜன்னல் வழியாக 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு வெளிச்சமும் காற்றும் பெற்றுவந்தால் அது உரிமையாகிவிடும். நேற்று திறந்த ஜன்னலுக்கு அந்த உரிமை இல்லை. பக்கத்து மனைக்காரர் நாளை தன் இடத்தில் முறைப்படி சுவர் எழுப்பினால், உங்கள் புது ஜன்னல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பழைய ஜன்னலைப் பெரிதாக்கினாலும் உரிமை பெரிதாகாது. அந்த 20 ஆண்டுகளில் எவ்வளவு வெளிச்சம், காற்று வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான். கூடவே, புது ஜன்னல் கதவோ சன்ஷேடோ பக்கத்து எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு வேறு கதை. ஜன்னல் உங்களுடையதாக இருந்தாலும் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. நிறம், கிரில் வடிவம் மாறினாலே சங்கத்தில் சண்டை வரும். எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நடைபாதையை மறித்து இரும்பு கேட் போடுவதும் சிலருக்கு வழக்கம். தீ விபத்தின்போது பக்கத்து ஃபிளாட் குழந்தைகள் ஓட வேண்டிய வழி அது.

தஞ்சை பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் அருகே வீடு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இங்கே பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக்கும் அதற்கென உள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும்.

ஆசாரி வந்து பழைய ஜன்னலைக் கழற்றும் முன், அளவு டேப்பை வைத்து உள்ளேயும் வெளியேயும் மொபைலில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். 'இது முன்னாடி இவ்வளவு பெரிசா இல்லையே' என்று யாராவது கேட்டால் காட்டலாம்.