ஜப்பான் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி: சித்தூர், திருப்பதி பட்டதாரிகள் அறிய வேண்டியது என்ன?

திருப்பதி: ஜப்பானின் அரசுப் பள்ளிகளிலும் உரையாடல் பள்ளிகளிலும் ஆங்கிலம் கற்பிக்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு இளைஞர்கள் செல்கின்றனர். இப்பணியில் இன்று பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்தவர்களும் உள்ளனர். இந்தியர்களுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால், "ஜப்பானில் ஆசிரியர் வேலை" என்ற விளம்பர வாசகம் உணர்த்தும் பணியும், அங்கே நாள்தோறும் செய்ய வேண்டிய பணியும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் பணத்தை மட்டுமன்றி, இளமையின் சில ஆண்டுகளையும் இழக்க நேரிடும்.

மதனப்பள்ளியிலிருந்து டோக்கியோவுக்கு

இந்தத் தொடர்பு சித்தூர் மண்ணுக்குப் புதியதன்று. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி தியசாபிகல் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், 1919-20இல் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். அவர் ஜப்பான் சென்ற அதே ஆண்டின் பிப்ரவரியில்தான் ரவீந்திரநாத் தாகூர் மதனப்பள்ளியில் தங்கி 'ஜன கண மன' பாடலைப் பாடினார். கசின்ஸின் மனைவி மார்கரெட் அதன் இசையைக் குறித்துவைத்தார். தம் ஜப்பான் அனுபவங்களை கசின்ஸ் நூலாக எழுதினார். அது 1923இல் சென்னையில் வெளியானது.

கசின்ஸ் சென்றது பேராசிரியராக. இன்று செல்லும் இளைஞர்களில் பெரும்பாலோர் உதவியாளர்களாகவே செல்கின்றனர். இப்பணியைப் புரிந்துகொள்ள முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்.

மூன்று வாயில்கள்

முதலாவது, ஜப்பான் அரசின் 'ஜெட்' திட்டம். 1987இல் 4 நாடுகளைச் சேர்ந்த 848 பேருடன் தொடங்கிய இத்திட்டத்தில் இதுவரை 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றியுள்ளனர். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உதவி மொழி ஆசிரியர்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, இரு தரப்பும் விரும்பினால் புதுப்பிக்கலாம். ஆனால் மொத்தம் 5 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க இயலாது. 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதலாண்டு ஊதியம் சுமார் 40.2 லட்சம் யென், அதாவது மாதத்துக்கு 3.35 லட்சம் யென். ஒரு யென் 60 காசு எனக் கொண்டால் இது ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். விமானக் கட்டணத்தையும் ஜப்பான் தரப்பே ஏற்கிறது.

இரண்டாவது, தனியார் ஆள் அனுப்பும் நிறுவனங்கள். இவை ஆசிரியர்களைத் தாமே பணியமர்த்தி, நகராட்சிக் கல்வி வாரியங்களின் பள்ளிகளுக்கு அனுப்புகின்றன. வகுப்பறையில் செய்யும் வேலை ஒன்றேயாயினும் ஊதியம் ஜெட் திட்டத்தைவிடக் குறைவு; பெரும்பாலும் மாதம் 2 முதல் 2.5 லட்சம் யென் அளவில் இருக்கும். பள்ளி விடுமுறை மாதங்களில் ஊதியத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களும் உள்ளன.

மூன்றாவது, 'எய்க்காய்வா' எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகள். மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் தத்தம் வேலை முடித்து வருவதால் இங்கே பணி நேரம் நண்பகலில் தொடங்கி இரவு 9 மணி வரை நீளும். இத்துறையில் மிகப் பெரிதாக விளங்கிய நோவா நிறுவனம் 2007 அக்டோபரில் நொடித்தபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் ஊதிய நிலுவையுடன் நடுத்தெருவில் நின்றனர். நிறுவனம் அளித்த வீட்டில் தங்கியிருந்த பலருக்கு வீடும் கேள்விக்குறியானது. வேலை, வீடு, விசா மூன்றையும் ஒரே நிறுவனத்தை நம்பி வைப்பதில் உள்ள இடர் அன்று வெளிப்பட்டது.

பள்ளியில் ஒரு நாள்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆசிரியர் காலை 8 மணியளவில் பள்ளிக்கு வருகிறார். வாசலில் வெளிக் காலணியைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென வைத்திருக்கும் காலணிக்கு மாறுகிறார். ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரே பெரிய அறையில் மேசைகள் இருக்கும். காலைக் கூட்டம் முழுவதும் ஜப்பானிய மொழியில் நடக்கும். வெளிநாட்டவருக்கு அதில் பாதி விளங்காது.

வகுப்பு, மாணவர்கள் எழுந்து குனிந்து வணங்குவதுடன் தொடங்குகிறது. பாடத்தை நடத்தும் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. உச்சரித்துக் காட்டுவது, உரையாடல் பயிற்சி அளிப்பது, விளையாட்டு வழியே சொற்களைப் பழக்குவது, மாணவர்கள் எழுதியதைத் திருத்துவது ஆகியவை உதவி ஆசிரியரின் வேலை. மதிப்பெண் வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தொடக்கப் பள்ளிகளில் நிலை சற்று வேறு. 2020 ஏப்ரல் முதல் 3, 4ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளைகளும், 5, 6ஆம் வகுப்புகளில் 70 பாடவேளைகளும் ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலம் பேசிப் பழகாத வகுப்பாசிரியர்கள் பலர் இருப்பதால், இங்கே உதவி ஆசிரியரே வகுப்பை முன்னின்று நடத்த வேண்டியிருப்பதும் உண்டு.

மதிய உணவைப் பல தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மாணவர்களே வெண்ணிற மேலாடை அணிந்து பரிமாறுகின்றனர். ஆசிரியரும் வகுப்பறையிலேயே அவர்களுடன் அமர்ந்து உண்கிறார். அதன்பின் வகுப்பறை, நடைவழி, கழிப்பறை ஆகியவற்றை மாணவர்கள் துடைத்துப் பெருக்கும் நேரம். ஆசிரியரும் துடைப்பத்தைக் கையில் எடுத்தால், அவருக்கும் மாணவர்களுக்கும் இடையிலான தயக்கம் விரைவில் விலகும். மொழி புரியாத முதல் மாதங்களில் மாணவர்களின் நட்பு பெரும்பாலும் இந்த இரு நேரங்களில்தான் கிடைக்கிறது.

வகுப்பில்லாத நேரங்களும் உள்ளன. ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை மாணவர்களுக்குக் கோடை விடுமுறை; ஆனால் ஜெட் ஆசிரியர் தம் விடுப்பைப் பயன்படுத்தாத நாள்களில் பள்ளிக்குச் சென்று மேசையில் அமர வேண்டும். தொடக்கப் பள்ளியா உயர்நிலைப் பள்ளியா, நகரமா மலைக் கிராமமா என்பதைப் பொறுத்து அனைத்தும் மாறும். "ஒவ்வொருவர் நிலையும் வேறு" என்பது ஜெட் ஆசிரியர்களிடையே வழங்கும் முதுமொழி போன்றது.

தமிழ், தெலுங்கு பேசுவோருக்கு ஒரு வசதி

இந்தியரின் ஆங்கில உச்சரிப்பு தடையாகுமோ என்ற அச்சம் விண்ணப்பதாரர்களுக்கு உண்டு. ஆனால் ஜப்பானிய மாணவரின் முதன்மையான சிக்கலைத் தமிழரும் தெலுங்கரும் எளிதில் புரிந்துகொள்வர். ஜப்பானிய மொழியில் 'ன்' நீங்கலாகச் சொற்கள் உயிரொலியில் முடிவதால், 'மில்க்' என்பதை மாணவர் 'மிருகு' என்கிறார். 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' என்றும், 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூலு' என்றும் ஒலிக்கும் ஊரிலிருந்து செல்பவருக்கு, அந்தக் கூடுதல் உயிரொலி எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஜப்பானிய மொழியைக் கற்பதிலும் இவ்வசதி உதவும். வினைச்சொல் இறுதியில் வருவதும், வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின் வருவதும் தமிழருக்குப் பழக்கமானவை. தமிழின் சுட்டுகளையும் வினாவையும் போலவே அங்கும் 'கொனோ, சொனோ, அனோ, தொனோ' என்ற வரிசை உண்டு. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லையெனினும் வாக்கிய அமைப்பின் ஒற்றுமை கற்பவருக்குத் துணையாகும். எழுத்துகளே கடினமானவை: இரு அசையெழுத்து முறைகளுடன், அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு பட்டியலிட்ட 2,136 காஞ்சி எழுத்துகளையும் படிப்படியாகப் பயில வேண்டும்.

உணவும் குளிரும்

திருப்பதியிலிருந்து செல்லும் சைவ உணவினருக்கு முதல் சோதனை சாப்பாட்டில் வரும். காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும்கூட 'தாஷி' எனும் மீன் சாறு கலந்திருக்கும். பள்ளி உணவில் இறைச்சி, மீன் இரண்டும் வழக்கம். தொடக்கத்திலேயே பள்ளியிடம் தெரிவித்து, வீட்டிலிருந்து உணவு எடுத்துச் செல்ல இசைவு பெறுவது நல்லது. பருப்பும் மசாலாப் பொருள்களும் பெருநகரங்களின் இந்தியக் கடைகளிலும் இணையவழியிலும் கிடைக்கின்றன.

பல வீடுகளில் கட்டடம் முழுமைக்குமான வெப்ப ஏற்பாடு இராது. குளிர்காலத்தில் ஓர் அறையை மட்டும் சூடாக்கி வாழ வேண்டும். குப்பையை எரியக்கூடியது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில் எனப் பிரித்து, அதற்குரிய நாளில் மட்டுமே வைக்க வேண்டும். தவறினால் பையை எடுக்காமலே விட்டுச் செல்வர். நிலநடுக்கப் பயிற்சி பள்ளி வாழ்வின் ஒரு பகுதி.

வாடகை வீடு எடுக்கும்போது முன்பணத்துடன், உரிமையாளருக்குத் திரும்பப் பெற இயலாத 'நன்றித் தொகை'யும் கேட்கப்படலாம். பிணையாளரும் தேவைப்படுவார். முதல் ஊதியம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகக்கூடும் என்பதால், சேமிப்பின்றிச் செல்வது இடர் தரும்.

கையில் வரும் தொகை எவ்வளவு?

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஊதியம் முழுவதும் கையில் வராது. வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சந்தா ஆகியவை பிடிக்கப்படும். முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும் வசிப்பிட வரி, பொதுவாக இரண்டாம் ஆண்டின் ஜூனில் தொடங்கும். முதலாண்டுக் கணக்கை நம்பி ஊரில் கடன் வாங்கியவர்களுக்கு இது எதிர்பாராத சுமை.

ஓய்வூதியச் சந்தாவை இழக்க வேண்டியதில்லை. குறைந்தது 6 மாதம் செலுத்தியவர், ஜப்பானை விட்டு வெளியேறிய 2 ஆண்டுகளுக்குள் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். இந்தியா, ஜப்பான் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிடவும் வழியுண்டு. தொகையைத் திரும்பப் பெற்றுவிட்டால் அந்தக் காலம் கணக்கில் சேராது என்பதால் இரண்டில் ஒன்றை ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

12 ஆண்டு நிபந்தனை

எல்லைப்புற மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பள்ளிகளில் மொழி கற்பிப்போருக்கான 'பயிற்றுநர்' விசாவுக்கு, பட்டப்படிப்புடன், கற்பிக்கும் மொழியின் வழியே 12 ஆண்டுகள் கல்வி பயின்றிருப்பதும் பொதுவாகத் தேவை. ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தது இதற்குப் போதாது. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் அல்லது தெலுங்கு வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர்கள், எவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசினாலும் இந்த இடத்தில் தடைபடக்கூடும். பணம் கட்டும் முன்பே தம் பள்ளிச் சான்றிதழ்களில் பயிற்று மொழி எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பது அவசியம்.

ஜெட் திட்டத்துக்குத் தூதரக வழியே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, முகவரும் தேவையில்லை. விண்ணப்பம் பொதுவாக ஆண்டின் இறுதியில் பெறப்பட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நேர்காணல் நடைபெறும். இந்தியாவிலிருந்து தேர்வாவோர் சிலரே என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் எப்பணிக்கு ஆள் கோரப்படுகிறது என்பதைச் சரிபார்க்க வேண்டும். ஆந்திரப் பிரதேசம் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. தனியார் முகவர் வழியே செல்வோர், அவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30 ஆயிரமும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே.

திரும்பி வந்த பின்

உதவி ஆசிரியர் பணியில் பதவி உயர்வு ஏணி இல்லை. ஜெட் திட்டத்தில் 5 ஆண்டுகளுடன் கதவு மூடிவிடும். ஆள் அனுப்பும் நிறுவனங்களில் ஆண்டுகள் கூடினாலும் ஊதியம் பெரிதாக உயர்வதில்லை. எனவே அந்த ஆண்டுகளில் ஜப்பானிய மொழியைக் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் இடையே திரும்பி வரும்போது பெரும் வேறுபாடு தெரியும்.

திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் இசுசு, டைகின், கோபெல்கோ, டோரே, யூனிசார்ம் உள்ளிட்ட ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. இத்தகைய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு, நிர்வாகம், பயிற்சி ஆகிய பணிகளுக்கு ஜப்பானிய மொழித் திறன் துணை செய்யும். அத்திறனைச் சான்றுப்படுத்தும் ஜே.எல்.பி.டி. தேர்வு ஐந்து நிலைகளைக் கொண்டது. ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடைபெறும் இத்தேர்வுக்குச் சென்னையிலும் மையம் உண்டு. தொடக்கநிலையான 'என்-5' தேர்வை ஊரிலிருந்து புறப்படும் முன்பே எழுதலாம். முதல் நாள் காலைக் கூட்டத்தில் பேசப்படுவது அனைத்தும் விளங்கிவிடாது என்றாலும், அறிவிப்புப் பலகையின் எளிய சொற்களைப் படிக்க அந்தப் பயிற்சி உதவும்.