காரின் கருமை வெளுத்தால்...

அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாளில் பம்பர் என்றால் பளபளக்கும் உலோகமே. 1983ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த மாருதி 800 போன்ற சிறு கார்கள் பெருகியபின், வர்ணம் பூசாத கரிய பிளாஸ்டிக் நம் தெருக்களில் சாதாரணமாயிற்று. பம்பரின் அடிப்பாகம், பக்கக் கண்ணாடியின் கூடு, கதவோரப் பட்டை ஆகியவை இன்றும் பல கார்களில் இவ்வாறே உள்ளன. புதிதில் மைபோல் கறுத்திருக்கும் இவை சில கோடைகளில் சாம்பல் பூத்துவிடுகின்றன.

சேமிப்போடு கடனையும் சேர்த்துப் பழைய கார் வாங்குவோர் நம்மவரில் பலர். மாற்றல் உத்தரவு வந்ததும் அதனை விற்போரும் உளர். இரு சமயங்களிலும் இவ்வெளுப்பு விலையைப் பாதிக்கிறது. ஆதலின் அதன் காரணத்தை அறிந்து கொள்வது நன்று.

இப்பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கருமைக்காக அதில் கலக்கும் நுண்கரி ஓரளவு வெயிலையும் தாங்கும். ஆயினும் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, அவற்றில் ஒளி சிதறுவதால் வெண்மை தெரிகிறது. எனவே இஃது அழுக்கன்று, தேய்மானம். நாகபுரி, தில்லி போன்ற ஊர்களின் மே மாத வெயிலில் நாள்தோறும் நிற்கும் வண்டி விரைவில் வெளுப்பதில் வியப்பில்லை.

சில இடங்களில் குற்றம் வெயிலுடையதன்று. வண்டிக்குப் பூசிய மெழுகு பாலிஷ், பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் தங்கி வெள்ளையாய்க் காய்ந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்தால் அது பெரும்பாலும் நீங்கும். முதலில் இதனைச் செய்து பார்த்தல் வேண்டும்.

உண்மையாகவே வெளுத்திருந்தால், தேங்காயெண்ணெய் தடவுவது பலர் கையாளும் வழி. அது வெடிப்புகளை நிரப்பி ஒளிச் சிதறலைக் குறைக்கிறது, அவ்வளவே. தூசி ஒட்டும், மழையில் கரைந்தோடும். ஹீட் கன் என்னும் வெப்பக் காற்றுக் கருவியும் கருமையை மீட்கும். ஆனால் மேற்பரப்பை உருக்கியே மீட்கும். பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகுவது. கை சற்றே தாமதித்தால் பம்பர் நெளியும். அருகிலுள்ள வர்ணமும் கொப்புளிக்கும். நெருப்பைக் காட்டுவதோ பேராபத்து.

நீடித்த பயன் தருவது, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் கருஞ்சாயம் அல்லது காப்புப் பூச்சு. நன்கு கழுவி உலர்த்தி, எண்ணெய்ப் பசையை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும். வர்ண ஓரங்களில் காகித நாடா ஒட்டி, நிழலில் மெல்லியதாகப் பூச வேண்டும். சாதாரண வர்ணத்தை நேரே அடித்தால் பாலிபுரொப்பிலீனில் பிடிக்காது. சில நாளில் உரியும். அதற்கேற்ற பிரைமர் முதலில் தேவை. சன்னல் ரப்பர்களில் மட்டும் பெட்ரோலிய எண்ணெய் படலாகாது. ரப்பர் ஊதிக் கெடும்.

பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு சொல். கரிய பாகங்கள் மட்டும் வழவழவென்று மின்னினால், விற்பவர் அனுமதியுடன் ஓர் ஓரத்தைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் பாருங்கள். சாம்பல் நிறம் வெளிப்பட்டால் அது நேற்றைய எண்ணெய். வெளுப்பினால் எஞ்சின் பழுதென்று பொருளில்லை. ஆயினும் வண்டி வெயிலில் கிடந்தது என்பதற்கு அது சாட்சி. அதற்குத் தக்கவாறு விலை பேசலாம்.

வண்டியை வைத்திருப்போர் மர நிழலையோ துணி உறையையோ நாடுக. சாயத்திற்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி அதனால் மிஞ்சும்.