அசைவற்ற சிசுவும் ஆயரின் ஆறுதற்பணியும்

தாய் தன் வயிற்றுப் பிள்ளையின் அசைவைப் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் உணர்கிறாள். சிசுவோ 8ஆம் வாரமளவிலேயே அசையத் தொடங்குகிறது. 1958இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய உடனுழைப்பாளரும் மீயொலி அலைகளால் கருவைப் படமாக்கும் முறையை வெளியிட்டனர். அசைவையே திரையில் காட்டும் கருவிகள் பின்னர் வந்தன. கரையான்சாவடியின் எளிய குடும்பங்களுக்கும் இன்று 'ஸ்கேன்' அறிமுகமான சொல்லே. ஆகவே, "பிள்ளை அசையவில்லை என்கிறார்கள், ஐயா" என்று வருவோரிடம் ஆயர் என்ன சொல்லவேண்டும் என்பதை நாம் சிந்திப்பது தகும்.

அசைவின்மை தன்னிலே ஒரு தீர்ப்பன்று. உறங்கும் சிசு 20 முதல் 40 நிமிடங்கள் வரை அசையாதிருக்கலாம். எனவே மருத்துவர் பலமுறை நோக்குவர். மடங்கி இறுகிய மூட்டுகள், சிறுத்த தாடை, சிசு விழுங்காமையால் மிகுந்த பனிக்குடநீர் ஆகியவை ஐயத்தை வலுப்படுத்தும். மூச்சசைவு இல்லாவிடில் நுரையீரல் வளராது. அத்தகைய சிசு பிறந்தபின் பிழைப்பது அரிது.

காரணங்களும் ஒன்றல்ல. நரம்பு, தசை, மரபணுக் குறைகள் உண்டு. தாயின் தசைத்தளர்ச்சி நோயிலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவைத் தாக்குவதும் உண்டு; அங்கே தாய்க்கு அளிக்கும் சிகிச்சை பயன்தரக்கூடும். மூட்டுகள் பல இறுகிய நிலையில், சுமார் 3,000 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணும் ஆர்த்ரோகிரைபோசிசில், அறிவுத்திறன் குன்றாது வளர்ந்து, சிகிச்சையால் நடப்போர் பலர். ஒரே திரைக்காட்சி இத்தனை வேறுபட்ட வாழ்வுகளைக் குறிக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, கடுமையான சிசுக்குறை உண்டென மருத்துவ வாரியம் கண்டால், 24 வாரங்களுக்குப் பின்னும் கருக்கலைப்புக்கு இடமுண்டு. முடிவு கணவன் மனைவியுடையது என நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் சட்டப்படி தாயின் சம்மதமே வேண்டப்படுகிறது. சுற்றத்தாரின் நெருக்குதலிலிருந்து அவளைக் காப்பதும் ஆயரின் பணியே.

பிறவிக்குருடனைக் கண்டு யார் செய்த பாவமென வினவிய சீடரின் கேள்வி நம் சபைகளில் இன்னும் ஓயவில்லை. இயேசு அக்கேள்வியையே மறுத்தார். நாமும் மறுப்போம். முதலில் காரணத்தை அறியுமாறு தக்க மருத்துவரிடம் அவர்களை அனுப்புவோம். அவர்கள் எம்முடிவுக்கு வரினும், பிள்ளை வாழினும் மரிப்பினும், அவ்வீட்டுக்குச் செல்வதை நிறுத்தாதிருப்போம்.