சென்று படிப்பதும் சென்று திரும்புவதும்

ஓசூர்க் கடைவீதியிலும், அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரு செல்லும் சாலை நெடுகிலும், வெளிநாட்டில் படிக்க வருமாறு அழைக்கும் விளம்பரப் பலகைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றைக் கண்டதும் மேல்நிலை வகுப்புத் தோழியருக்கு ஆசை எழுகிறது, பெற்றோருக்கோ அச்சம். சூளகிரிப் பக்கம் ஒரு சிறு மாந்தோப்பை மட்டும் நம்பியிருக்கும் தந்தை, அதை அடகு வைக்க நேருமோ என்று கலங்குவதில் வியப்பில்லை. ஆனால் அப்பலகைகள் ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றன. மாணவர் பரிமாற்றம் என்பது வேறு. வெளிநாட்டில் பட்டம் பெறுவது என்பது வேறு. ஒரே விமானப் படத்தின் கீழ் இரண்டையும் எழுதிவிடுவதால்தான் குழப்பமும் வீண் செலவும் உண்டாகின்றன.

பரிமாற்றம் என்றால் என்ன? இங்குள்ள ஒரு கல்லூரியும் அங்குள்ள ஒரு கல்லூரியும் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. நம் மாணவி ஒரு பருவமோ ஓர் ஆண்டோ அங்கே படிப்பாள். அங்குள்ளவர் இங்கே வருவார். அவளுடைய பெயர் நம் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருக்கும். பொதுவாகக் கல்விக் கட்டணத்தை இங்கேயே கட்டினால் போதும், அங்கே கட்ட வேண்டியதில்லை. அங்கே வாங்கும் மதிப்பெண் இங்குள்ள பட்டத்தோடு சேர்க்கப்படும். ஐரோப்பாவில் 1987-ல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இம்முறையில்தான் நடக்கிறது. ஆனால் பயணச் செலவு, உணவு, தங்குமிடம், காப்பீடு ஆகியவை உதவித்தொகை இல்லையேல் நம்முடையவை. ஆகவே கல்லூரியில் சேருமுன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எந்த அயல்நாட்டுக் கல்லூரியோடு உடன்படிக்கை இருக்கிறது? அங்கே படித்த பாடங்கள் இங்கே கணக்கில் வருமா? இரண்டாவதற்கு ‘ஆம்’ என்ற விடை எழுத்தில் கிடைக்காவிட்டால், திரும்பி வந்தபின் அதே பருவத்தை மீண்டும் படிக்க நேரிடலாம்.

பள்ளி மாணவியருக்கும் பரிமாற்றம் உண்டு. முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் தொண்டர்களின் சங்கமே ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பகை தீர வேண்டுமானால் இளையோர் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழக வேண்டும் என்று கருதி, அது மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. அமெரிக்க அரசு 2002-ல் ஏற்படுத்திய ‘யெஸ்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தில் இந்தியப் பள்ளி மாணவரும் சென்று வந்துள்ளனர். இத்திட்டத்தில் மாணவியை ஏற்கும் குடும்பத்தார் அதற்காகப் பணம் பெறுவதில்லை. அவளும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்க முடியாது. பாத்திரம் கழுவுவதிலும் பங்குண்டு! (நம் விடுதித் தோழியருக்கு இதில் சிரமம் இராது.)

‘பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே அனுப்புவதா?’ என்று பாட்டிமார் கேட்பர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விக்கு ஒருவர் விடை தந்திருக்கிறார். தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்துவந்த ஈ. கே. ஜானகி அம்மாள், கப்பல் காலத்திலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். லெவி பார்பர் என்பவர் ஆசியப் பெண்களுக்கென்று 1917-ல் நிறுவிய உதவித்தொகையே அவரை அனுப்பியது. தங்கியது மார்த்தா குக் என்னும் பெண்கள் விடுதியில். 1931-ல் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், பின்னர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் புதிய கலப்பினங்களை உருவாக்கினார். கற்றவர் தம் நாடு திரும்பித் தொண்டு செய்ய வேண்டும் என்பதே பார்பரின் நோக்கம். அமெரிக்கா தரும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அந்நோக்கம் இன்றும் தெரிகிறது. அரசுப் பணத்தில் அவ்விசாவில் செல்வோர் பொதுவாகப் படிப்பு முடிந்து ஈராண்டு தாய்நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கே நிலையாகக் குடியேற முடியும். சொந்தச் செலவில் பட்டம் படிக்கச் செல்வோர் பெறும் எஃப்-1 விசாவுக்கு இந்த நிபந்தனை கிடையாது.

இனிப் பட்டப்படிப்பு. இதில் செலவு முழுவதும் நம் தலைமேல். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை ஒரு தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக, அதாவது பத்து லட்ச ரூபாய்க்கு மேலாக, உயர்ந்தது. அது நம் பணமே; அங்கே சென்றபின் மாதந்தோறும் பிரித்துக் கொடுக்கப்படும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். மாந்தோப்பு வருவது இங்கேதான். இலவசமாக ஆலோசனை தரும் முகவர்கள் பலருக்கு அயல்நாட்டுக் கல்லூரிகள் தரகு தருகின்றன என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நலம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 30 விழுக்காடு பெண்களுக்கு உரியது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்குத் தமிழக அரசும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உதவுகிறது. கடனுக்கு அலையுமுன் இவற்றை விசாரிக்க வேண்டும்.

எல்லையில் வாழ்வதால் நமக்கென்றே சில விசித்திரங்கள் உண்டு. பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழி கற்க எத்தடையுமில்லை. வீட்டில் தமிழும் சந்தையில் கன்னடமும் தெலுங்கும் பேசிப் பழகிய நமக்கு நான்காவது மொழி பாரமாகாது. ஆனால் விசாவுக்கு, அங்குள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லை கர்நாடகமும் கேரளமும் மட்டுமே. நாம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையைத்தான் நாட வேண்டும்.

பெயரிலும் சிக்கல் உண்டு. நம் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு பெயர் இருக்கும். இந்தியக் கடவுச்சீட்டிலோ அதை விரித்தே எழுத வேண்டும். விரிக்காமல் ஒற்றைப் பெயரை மட்டும் கொடுத்தால், அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகிவிடும்! பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில் கையெழுத்திடும் நாளிலேயே, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. அம்மாவின் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றும் மகளுடையதில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் இருந்தால், ஊர் ஒன்றேதான் என்பது தூதரக அலுவலருக்குத் தெரியாது. 2004-ல் மாவட்டம் பிரிந்தது என்று ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள்.