நான்காம் முறை

ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தில் 24 காண்டங்கள். காவிய நாயகன் ஒடிஸியஸ் நம் கண்முன் வருவதோ ஐந்தாவதில்தான். முதல் நான்கும் அவன் மகன் டெலிமாகஸுக்கு உரியவை. தகப்பன் டிராய் யுத்தத்துக்குக் கப்பலேறியபோது அவன் கைக்குழந்தை. இப்போது இருபது வயது. அம்மாவை மணப்பதற்கென்று வந்து, வீட்டிலேயே தங்கி, ஆடுமாடுகளைத் தின்று தீர்க்கும் 108 பேரை (நமக்கு மிகவும் பழக்கமான எண்!) விரட்ட வழியின்றித் தவிக்கிறான்.

ஒடிஸியஸ் திரும்பி வந்ததும் அவனை அறிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. செவிலிக்கு, காட்டுப்பன்றி கிழித்த தழும்பு. மனைவி பெனிலோப்பிக்கு, வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே காலாக்கி அவன் செய்த கட்டில். கிழத் தகப்பன் லேர்ட்டீஸுக்கு, சிறுவயதில் அவர் அவனுக்கென்று தந்த மரங்களின் கணக்கு: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40. கிழட்டு நாய்கூட வாலை ஆட்டிவிட்டுத்தான் உயிரை விடுகிறது.

மகனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பன்றி மேய்ப்பவனின் குடிசையில் எதிரே நிற்பவனைத் தேவன் என்று எண்ணி அஞ்சுகிறான். தகப்பன்தான் என்று அவன் சொன்னதும் நம்ப மறுக்கிறான். கடைசியில் வெறும் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

இந்த வெற்றிடம்தான் பின்வந்த கவிஞர்களை இழுத்திருக்க வேண்டும். தொலைந்துபோய்ச் சுருக்கம் மட்டும் மிஞ்சிய 'டெலிகனி' என்ற பழங்காவியத்தில், ஒடிஸியஸுக்கு வேறொருத்தி பெற்ற மகன், ஆள் தெரியாமல் அவனைக் கொன்றுவிடுகிறான். அர்ஜுனனும் பப்ருவாகனனும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இங்கே உயிர் கொடுக்க ஓர் உலூபி இல்லை. 1842இல் வெளிவந்த டென்னிசனின் கவிதையில் தகப்பன் நாட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி கடலைப் பார்க்கிறான். மகன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 1972இல் சோவியத் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜோசப் பிராட்ஸ்கி, தம் சின்னஞ்சிறு மகனை அங்கே விட்டுவந்தார். அவ்வாண்டே ஒடிஸியஸ் டெலிமாகஸுக்கு எழுதும் கடிதமாக ஒரு கவிதை எழுதினார். அதிலும் பேசுவது தகப்பன்தான். மகனுக்கு என்ன வயது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. இவற்றில் என்னை உலுக்கியது இதுதான்.

நான் எழுதினால் வில் போட்டியிலிருந்து தொடங்குவேன். அப்பாவின் வில்லில் நாணேற்ற டெலிமாகஸ் மூன்று முறை முயன்று தோற்கிறான். நான்காம் முறை ஏற்றியே இருப்பான் என்று ஹோமரே சொல்கிறார். ஆனால் பிச்சைக்காரன் வேடத்தில் இருக்கும் தகப்பன் தலையசைத்துத் தடுக்கிறான். மகன் வில்லை வைத்துவிட்டு, தன்னைத் தானே கையாலாகாதவன் என்று அத்தனை பேர் முன்னும் சொல்லிக்கொள்கிறான். திட்டம் அப்படி. என்றாலும் இருபது வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்?

என் கதையில், எதிரிகளைக் கொன்று முடித்த அன்றிரவு டெலிமாகஸ் தனியாகக் கூடத்துக்கு வருகிறான். தரையில் இன்னும் ஈரம். வில்லை எடுத்து, நாணைக் கழற்றி, நான்காம் முறையாக வளைக்கிறான். ஏறிவிடுகிறது. மறுபடி கழற்றிச் சாய்த்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் அப்பா நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று இவன் கேட்கவில்லை.

"காலையில் தாத்தாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போகணும். போய்ப் படு" என்கிறார் அப்பா.

அங்கே போனதும் மரங்களை இவனுக்கும் எண்ணிக் காட்டுவாரா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.