தட்டும் மாத்திரையும் - 11: காரட்டை மாத்திரையாக்கிய கதை

சென்ற வாரம் 1747-இல், நடுக்கடலில், சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளோடு நிறுத்தியிருந்தேன். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். அந்த வெற்றி கொடுத்த மயக்கம் லேசில் தெளியவில்லை. எந்த நோய்க்கும் பின்னால் ஏதோ ஒரு சத்துக் குறை ஒளிந்திருக்கிறது, அதைப் பிடித்து மாத்திரையாக்கிவிட்டால் போதும் என்ற நினைப்பு வேரூன்றிவிட்டது. அந்த நினைப்புக்குப் பின்லாந்தில் விழுந்த அடிதான் இந்த வாரம்.

காரட், கீரை என்று நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று ஆய்வுகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோர் கண்ணும் பீட்டா கரோட்டின் மேல் விழுந்தது. காரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் நிறம் கொடுப்பது அதுதான். கீரையிலும் உண்டு, பச்சை நிறம் அதை மறைத்துவிடும். நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. உணவிலுள்ள பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்குமா என்று 1981-இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட நால்வர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர்களில் ஒருவர் டால். அப்படிப்பட்டவரே கட்டுரைத் தலைப்பைக் கேள்வியாகத்தான் வைத்திருந்தார். பதில் தெரிய, சோதித்துப் பார்க்க வேண்டும்.

1985-இல் பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் சோதனை தொடங்கியது. 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகைப்பவர்கள். சிலருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. அந்த நாட்டில் புற்றுநோய்ப் பதிவேடு ஒழுங்காக இருந்ததால், யாருக்கு நோய் வந்தாலும் கணக்கில் தப்பாது.

20 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய கால் கிலோ காரட்டில் உள்ள அளவு. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் பச்சைக் காரட்டை மென்று தின்றால் அதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். மாத்திரையில் இருப்பது சுலபமாகச் சேர்ந்துவிடும். மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் முன்பிருந்ததைப் போல சுமார் 17 மடங்கு ஏறியது. சிலருக்குத் தோலே மஞ்சள் பூத்தது.

1994 ஏப்ரலில் முடிவு வெளியானது. மொத்தம் 876 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேர், சாப்பிடாதவர்களில் 402 பேர். காக்கும் என்று கொடுத்த மாத்திரை, நோயை 18 சதவீதம் கூட்டியிருந்தது. மொத்த மரணங்களும் 8 சதவீதம் கூடுதல்.

பலர் நம்பவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். அமெரிக்காவில் அப்போது இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைத்து நிறுத்தியவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேர். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியிருப்பதைப் பார்த்து, 1996 ஜனவரியில், முடிய 21 மாதம் இருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். 22,071 அமெரிக்க மருத்துவர்களை 12 வருடம் தொடர்ந்த மூன்றாவது சோதனையில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அந்த மருத்துவர்களில் புகைப்பவர்கள் பத்தில் ஒருவர்தான். சிகரெட் புகையையும் பீட்டா கரோட்டினையும் சேர்த்துக் கொடுத்த ஃபெரட் என்ற சிறு விலங்குகளின் நுரையீரல் செல்கள், புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கு மாறியதைப் பின்னால் பார்த்தார்கள்.

அப்படியானால் பழைய ஆய்வுகள் பொய்யா? இல்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். பின்லாந்துச் சோதனையில், மாத்திரை தொடுவதற்கு முன்பே ரத்தத்தில் இயல்பாகப் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் குறைவாகத்தான் வந்தது. சாப்பாட்டில் வந்தால் ஒரு கணக்கு, மாத்திரையில் வந்தால் வேறு கணக்கு. இரண்டும் ஒரே ஆய்வில்! காய்கறி நிறையத் தின்பவர் மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் ஒழுங்காக இருப்பார். காரட்டிலும் பீட்டா கரோட்டின் மட்டுமா இருக்கிறது? ரத்தத்தில் தெரிந்த அளவு அந்த ஆளின் மொத்தச் சாப்பாட்டுக்கும் பழக்கத்துக்கும் ஓர் அடையாளம். அந்த அடையாளத்தை மட்டும் தனியே எடுத்து விழுங்கச் சொன்னதுதான் தப்பு.

இதைப் படித்துவிட்டு எல்லா சத்து மாத்திரையும் விஷம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பின்லாந்தில் சோதனை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், நம் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர் 15,419 சிறு குழந்தைகளை ஒரு வருடம் தொடர்ந்தார்கள். வாரம் ஒருமுறை தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதில் கொஞ்சம் வைட்டமின் ஏ. மீதிப் பேருக்கு அது இல்லாத மருந்து. லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சக ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட முடிவு: வைட்டமின் ஏ கிடைத்த குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைவு. பலன் பளிச்சென்று தெரிந்தது மூன்று வயதுக்குட்பட்டவர்களிடமும், நெடுநாள் ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றியவர்களிடமும்தான். (உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த பிந்தைய சோதனையில் பலன் மிகக் குறைவாகவே தெரிந்தது. அதில் பங்கெடுத்தவர்களில் நம் ரிச்சர்ட் பீட்டோவும் ஒருவர். அந்த வாதத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.)

ஸ்கர்வி மாலுமிக்கும் திருச்சிக் குழந்தைக்கும் உடலில் பள்ளம் இருந்தது, போட்டதும் நிரம்பியது. அந்தப் புகைப்பவர்களுக்கு அப்படியொரு பள்ளம் இல்லை. ஆனால் மாத்திரை விளம்பரம் என்றைக்காவது பள்ளம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறதா?

கடைசியாக, பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதானவர்களின் விழித்திரைத் தேய்மானத்துக்குத் தரும் சத்து மாத்திரைகளில் முன்பு பீட்டா கரோட்டின் முக்கியச் சேர்மானம். புகைத்து நிறுத்தியவர்களுக்கும் ஆபத்து என்று தெரிந்த பிறகு, அதற்குப் பதில் லூட்டின், ஸீயாஸாந்தின் சேர்த்த கலவையை 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு பரிந்துரைத்தது. நீங்கள் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக, அல்லது பிடித்து விட்டவராக இருந்தால், வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பீட்டா கரோட்டின் என்று போட்டிருந்தால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். காரட் பொரியலை நிறுத்த வேண்டியதில்லை.

(அடுத்த வாரம்: கர்ப்பிணிகளும் ஃபோலிக் அமிலமும்)